துரைக்குச் சொன்ன முதல் நன்றி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் சொல்வார், லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள், காலையில் பெரட்டுக்களத்தில் எங்களை நிறுத்தி வேலை பிரிக்கிற கண்டாக்கு ஐயாவும் சொல்வார். இருபது வருஷமாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். நிறுக்கும்போது கிலோவை வெட்டினால் சண்டை போடாமல் விட்டதே இல்லை. அப்படிப்பட்ட வாய் ஒரே ஒரு தரம் மரியாதையாகப் பேசித் தொலைத்தது. அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் லயத்துக்குக் கீழே, ஓடைக்கரைச் சரிவில், முன்பு ஒரு லயம் இருந்து மண்சரிவில் போய்விட்டது. அதற்குப் பிறகு அங்கே மானாப்புல்லும் இரத்தம் குடிக்கிற அட்டையும்தான். உரம் கிடைக்காமல், சாமான் விலையெல்லாம் ஏறி, மூன்று வேளையும் ரொட்டியும் சம்பலுமாகக் கிடந்த வருஷத்தில் நான் மண்வெட்டியோடு அங்கே இறங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்டால் கிடைக்காது. தோட்டத்துக் காணியில் முளைக்கிற புல்லும் தோட்டத்துப் புல்தான்.

சரிவு என்பதால் மழை பெய்தால் மண் நிற்காது. காலி உரச்சாக்குகளில் மண்ணை அடைத்து, படிப்படியாக அடுக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு பாத்தி கட்டினேன். உரத்துக்கு எங்கே போவது? பெக்டரியில் வீசுகிற தேயிலைக் கழிவு, காட்டுச் சூரியகாந்தி இலை, மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு, ஓட்டை குத்தி, மக்க வைத்தேன். நாற்றம் தாங்காமல் பக்கத்துக் காம்பிராக்காரிகள் என்னைத் திட்டாத திட்டு இல்லை. முதல் தடவை லீக்ஸ் என் சுண்டுவிரல் தடிப்புக்கு வந்தது. ஆனால் போஞ்சி! கொடி தெரியாமல் காய்த்தது. என் மகள்கள் இரண்டு பேரும் சோற்றை விடக் கறியை அதிகமாகப் போட்டுச் சாப்பிட்டார்கள். அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டினவர்களில் நாலு பேர் பிறகு சாக்கோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கும் பக்கத்திலேயே பாத்தி கட்டக் காட்டிக்கொடுத்தேன்.

கண்டாக்கு ஐயாவுக்கு எல்லாம் தெரியும். அந்தப் பக்கம் வந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டே போவார். அவர் வீட்டுக்கும் அவ்வப்போது ஒரு கட்டுப் போஞ்சி போகும். இதை யாரும் வாயால் பேசியதில்லை. பேசாத வரைக்கும் பாத்தி எங்களுடையது.

இப்படி இருக்கும்போது டவுனில் இருந்து ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் வந்தார்கள். சாக்குப் படிகளைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். உள்ளூர்ச் சாப்பாட்டுக்குப் புதுவழி கண்டுபிடித்தவர்களை நுவரெலியாவில் மேடையேற்றிப் பாராட்டப் போகிறோம், நீங்களும் வர வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போனது.

“வேணாம் புள்ள. தொர காதுக்குப் போச்சுன்னா வெனயாப் போயிரும்.”

“அவரு எங்கங்க இதெல்லாம் கேக்கப் போறாரு? நீங்க சும்மா இருங்க” என்றேன். கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

மேடையில் ஐந்து பேர் இருந்தோம். பூண்டுலோயாப் பக்கத்து அக்கா ஒருத்தர், கடை விதையே வாங்காமல் பத்துப் பதினைந்து வகைக் கீரைக்கு விதை எடுத்து வைத்திருக்கிறார். றொசல்லயில் இருந்து வந்த பெரியவர் தேயிலைக் கழிவில் காளான் வளர்க்கிறார். அவரிடம் நானும் கழிவு, நீங்களும் கழிவு என்றேன், விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை நாள் நான் ஒருத்திதான் பைத்தியம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிறகுதான் முன்வரிசையைப் பார்த்தேன். எங்கள் துரை உட்கார்ந்திருந்தார். விருந்தாளியாக அழைத்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவோ விளையாட்டுப் போட்டியோ, மைக்கைப் பிடித்தால் முதல் நன்றி துரைக்கு. உட்கார ஒரு கதிரைகூட அவர் கொடுத்திருக்க மாட்டார், ஆளே வந்திருக்க மாட்டார், ஆனாலும் முதல் நன்றி அவருக்குத்தான். பள்ளிக்கூடத்தில் நன்றியுரை என்றால் என்னைத்தான் எழுப்பி விடுவார்கள். பயத்தில் தலை வேலை செய்யவில்லை, வாய் மட்டும் பழக்கத்தில் ஓடியது.

“எங்களுக்கு எடம் குடுத்து ஒத்தாச பண்ணின எங்க தொர அவங்களுக்கு மொதல்ல நன்றி சொல்லிக்கிறேன்.”

மண்டபமே கைதட்டியது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன இடம், எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒரு விநாடி முழித்தார். பிறகு எழுந்து சிரித்துக் கும்பிட்டார். அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று எனக்குள் நானே தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் துரை சரிவுக்கு வந்தார், கூடவே தோட்டத்து நலன்புரி அதிகாரியும் கண்டாக்கு ஐயாவும். கண்டாக்கு ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை. துரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார் போல. துரை கத்துகிற ஆள் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பாத்திகளைச் சுற்றிப் பார்த்து, “நல்ல வேல செஞ்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போய்விட்டார். அதிகாரிதான் கடதாசியை நீட்டினார். இது தோட்ட நிர்வாகத்தின் மாதிரிப் பண்ணை, பராமரிப்பது நான் என்று எழுதியிருந்தது.

“கையெழுத்து வச்சா பாத்தி இருக்கும், அக்கா. இல்லாட்டி அடுத்த மழைக்கு இங்க தேயில வச்சிருவாங்க. மத்த நாலு பேரோடதும் சேத்துத்தான்.”

வாயில் நல்லா வந்தது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன். நாங்கள் படுக்கிற காம்பிராவும் தோட்டத்துடையதுதானே. கையெழுத்துப் போட்டேன்.

மாதிரிப் பண்ணை என்று போர்டு வைத்தார்கள். சுற்றிக் கம்பிவேலி அடித்தார்கள். காட்டுப்பன்றி வராது, நல்லதுதான். ஆனால் கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஆபீசில் மாட்டிவிட்டார்கள். வேலை முடிந்து ஆபீஸ் வாசலில் நின்று சாவி வாங்கி, தண்ணீர் விட்டு, களை பிடுங்கி, திரும்பவும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதற்கிடையில் கொழும்பில் இருந்து விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்றார் அதிகாரி.

“அவங்க வர்ற வரைக்கும் காய் பறிக்காதீங்க அக்கா. கொடியில தொங்குனாத்தானே பாக்க அழகு.”

போஞ்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். பறிக்காவிட்டால் கொடி பூப்பதை விட்டுவிடும். இதைச் சொன்னேன். சரி சரி என்றார். மழையென்று ஒரு தரம், கூட்டமென்று ஒரு தரம் அவர்கள் வருவது தள்ளிக்கொண்டே போனது. என் கண்முன்னால் காய் முற்றி, நார் விழுந்து, சிலது மஞ்சளாகிக் காய்ந்தே போனது. வீட்டில் கடைப் பருப்பும் கருவாடும்தான்.

“போஞ்சி காச்சிருக்குல்லம்மா?” என்று கேட்டாள் சின்னவள்.

“காச்சிருக்கு. போர்டு திங்கட்டும்” என்றேன். பாவம், அவள் மேல் ஏன் எரிந்து விழுந்தேன் என்று இன்றைக்கும் வருத்தம்.

ஒருவழியாக வந்தார்கள். அதில் ஒரு சிங்களப் பெண், அவரும் பயிர் செய்கிறவர் போல. ஒரு காயை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டார்:

“அக்கா, ஏன் பறிக்காம இவ்வளவு முத்த விட்டீங்க?”

நலன்புரி அதிகாரியின் முகம் வெளுத்தது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். உள்ளதை உள்ளபடி சொல்ல நாலு வார்த்தை போதும். அந்த நாலு வார்த்தையும் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் நாலு பேருடைய பாத்திகளும் இருந்தன.

“விதைக்கு விட்டிருக்கேன்” என்றேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். “அப்படின்னா எனக்கும் ஒரு கை குடுங்க அக்கா, எங்க ஊர்ல போட்டுப் பாக்கிறேன்.”

காய்ந்த நெற்றுகளைப் பிய்த்து, உரித்து, உள்ளங்கை நிறைய எடுத்தேன். நான் மக்க வைத்த உரம், நான் வளர்த்த கொடி. அந்தப் பெண் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். கொடுக்கப் போனேன். அதற்குள் என் கழுத்து தானாகத் திரும்பி அதிகாரியின் முகத்தைப் பார்த்தது.

“குடுங்க, குடுங்க” என்று அவர் தலையாட்டினார்.

அதற்குப் பிறகுதான் கொடுத்தேன்.