ஏழு மணி வண்டி

என் அத்தை நர்ஸ் படிப்புக்குப் புறப்பட்ட வருஷம் எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே நாலு காணி நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆவடியில் ஒரு ரயில் கூவினால் மாட்டை அவிழ்ப்போம், அடுத்த ரயில் கூவினால் கஞ்சி குடிப்போம். வெள்ளைக்காரனால் நமக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான் என்பார் அப்பா. எனக்கு அப்போது எட்டு வயது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பூந்தமல்லியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கிருந்த டீச்சரம்மா விண்ணப்பம் எழுதிப் போட்டு, பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து பதிலும் வந்துவிட்டது. பதினைந்து நாள் கழித்து வரும் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்த பெண்ணுக்கு. இரண்டு வெள்ளைப் புடவை, பூட்டுப் போட்ட தகரப் பெட்டி, புதிதாக அம்மை குத்திக்கொண்ட தழும்பு, இவையெல்லாம் இருக்க வேண்டும். கொண்டுவரும் துணி ஒவ்வொன்றிலும் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பு நூலால் தைத்திருக்க வேண்டும்.

தைத்தது அம்மா. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அத்தை மண்ணில் எழுதிக் காட்டியதைக் கோலம் பார்த்துப் போடுவதுபோல் பார்த்துப் பார்த்து எல்லாத் துணியிலும் போட்டாள். அத்தை எங்கள் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணிப் பழகினாள். கடிகாரம் இல்லாத வீட்டில் எதை வைத்து எண்ணினாள் என்று நான் கேட்கவில்லை.

அப்பா அரை மனதாகத்தான் சம்மதித்திருந்தார். படிப்பு கூடிவராவிட்டால் தை மாதத்தில் அத்தையைக் கொரட்டூர் மாமாவுக்குக் கொடுப்பது என்று ஒரு பேச்சு ஏற்கனவே இருந்தது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். நிலபுலன் உள்ளவர், எப்போதும் ஏலக்காய் மெல்லுவார். அது பணக்காரர்கள் வழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். அவருடைய முதல் மனைவி முந்தைய வருஷம் கிணற்றில் தவறி விழுந்து இறந்துபோனாள். அந்தச் சாவுக்குப் போய்வந்த அம்மா பத்து நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அம்மை குத்துகிறவர் வந்து அத்தையின் இடது கையில் குத்திவிட்டுப் போனார். கை வீங்கும், கொஞ்சம் காய்ச்சல் வரும், பக்கு தானாக உதிர்ந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் போனார். எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை அவர் சொன்னபடியே கை வீங்கி, குத்தின இடத்தில் முத்துப்போல் கொப்புளம் எழும்பிக் காய்ச்சலும் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் முத்து எழும்பினால் அது ஆத்தா வந்ததுதான். அவளாக வந்தாளா, ஆள் வந்து குத்திக் கூப்பிட்டாரா என்றெல்லாம் யாரும் வித்தியாசம் பார்க்கவில்லை. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தாளிப்பு நின்றது. மூன்று தண்ணீர் ஊற்றும்வரை அத்தை வாசற்படி தாண்டக் கூடாது என்றார் அப்பா. மூன்றாம் தண்ணீர் எப்படிப் பார்த்தாலும் திங்கட்கிழமைக்கு ஒரு வாரம் தள்ளித்தான் வரும்.

அத்தை அழவில்லை. தகரப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பெட்டி இனிமேல் வேண்டாமென்றால் என் சொப்புகளை அதில் வைத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா இளநீரோடு வந்து சேர்ந்தார். இது ஆத்தாவே காட்டுகிற குறி, பொண்ணு ஊர் தாண்டுவது அவளுக்குப் பிடிக்கவில்லை, தையிலேயே முடித்துவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். அம்மா இளநீரை வாங்கி உள்ளே வைத்தாள். கூடப்பிறந்தவனுக்குப் பெண் எடுப்பதை எந்தத் தங்கை வேண்டாமென்பாள்?

உச்சிப் பொழுதில் வேப்பிலைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிய அம்மாவுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. கொண்டை அவிழ்ந்து கூந்தல் முகத்தில் விழுந்தது. தரையை ஓங்கி ஓங்கி அறைந்தாள். எங்கள் வீட்டில் யாருக்கும் சாமி வந்ததில்லை. அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, என்ன குறை தாயே என்று கேட்டார்.

"எம் பொண்ண இன்னாத்துக்குடா ஊட்ல பூட்டி வெச்சிகினு கீறே? இப்பவே தண்ணி ஊத்து. நாளைக்கு ஏழு மணி வண்டில ஏத்தி உடு. தொணைக்கு நான் போறேன்."

மாமா முன்னால் வந்து, கல்யாணம் ஆக வேண்டிய பெண் தாயே என்று தொடங்கினார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள். தன் அண்ணன் முன்னால் உட்காரக்கூடச் செய்யாதவள் அவள்.

"நீ பேசாத. உங் கெணத்தாண்டயும் நான் இருந்தேன்டா."

மாமாவின் வாயில் ஏலக்காய் நின்றுபோனது. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். அம்மா சாய்ந்து விழுந்தாள். அத்தை ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ணவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்றே வெயிலில் காய்ந்த மஞ்சள் தண்ணீரை அத்தைக்கு ஊற்றினார்கள். ஆத்தாவுக்கு ரயில் நேரம் தெரிந்திருந்ததில் எங்களில் யாருக்கும் ஆச்சரியமில்லை, எல்லாம் தெரிந்தவள்தானே. விடியற்காலையில் அப்பாவே வண்டி பூட்டி, பெட்டியை ஏற்றி, அத்தையை ஆவடிக்கு அழைத்துப் போனார். வீக்கம் வடியாத கையால் அத்தை எனக்குக் கையசைத்தாள்.

அம்மா மூலையில் சுருண்டு படுத்திருந்தாள். தூரத்தில் ரயில் கூவியது. கண்ணைத் திறக்காமலே என்னைக் கேட்டாள்.

"வண்டி பூட்ச்சா?"

போய்விட்டது என்றேன். சாமி வந்தவர்களுக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது என்று கேள்விப்பட்டிருந்ததால் எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. அம்மா எழுந்து முகம் கழுவிக் கூந்தலை முடிந்துகொண்டாள். வேப்பிலை இன்னும் வாசலில் இருக்கும்போதே அடுப்பை மூட்டிக் கடுகு தாளித்தாள்.

சாமி வந்தவர்கள் எத்தனையோ பேரை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன். பொங்கல் வை என்பார்கள், கிடா வெட்டு என்பார்கள். தனக்கென்று ஒன்றும் கேட்காமல் மலையேறிய சாமி அது ஒன்றுதான்.

அந்தத் தைக்கு மாமா வீட்டிலிருந்து பொங்கல் சீர் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தைக்கும் வரவில்லை. கொரட்டூர்ப் பாதை தெரியும் இடத்தில் அம்மா பொழுது சாயும்வரை நின்றாள். கிணற்றிலிருந்து எடுத்தவளைக் குளிப்பாட்டியது அம்மாதான் என்று எனக்கு அப்போதே தெரியும், சாவு வீட்டுப் பேச்சில் காதில் விழுந்திருந்தது. அதை எதோடும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. நானும் அவளுக்குப் பக்கத்தில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வீட்டுக் கரும்பு வராமல் போனதில் என்னைப் போலவே அவளுக்கும் வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.