வெங்காயப் பாத்தியில் கிடைத்த சாட்சி

போன கிழமை ஸ்கான் திரையில் ஒரு நாயின் பித்தப்பை பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் பித்தக்குழாய், வீங்கிப்போய்! "அந்தா, பாருங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் நாயின் சொந்தக்காரி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். இத்தனை வருடம் மிருக வைத்தியம் பார்த்தும் இந்தத் துள்ளல் மட்டும் எனக்கு அடங்கவில்லை.

அந்த நாயின் முதுகில் அரைத்த மஞ்சள் மணத்தது. மணம் மூக்கில் ஏறியதும் கோப்பாய்ச் சிவபாதமண்ணை நினைவில் வந்து நின்றார்.

அப்போது நான் வேலைக்குப் புதிது. ஸ்கானும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தோட்டம் செய்கிற அண்ணை, நாலு நாளாகச் சாப்பிடாத தன் நாய் சிங்கனைப் பனையோலைக் கடகத்தில் வைத்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு காலையிலேயே வந்தார். நாயின் வயிறெல்லாம் மஞ்சள்.

"என்ன அண்ணை, மஞ்சள் பூசினனீங்களோ?"

"ஓம் டொக்டர். சொறிக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசினனாங்கள்."

அவ்வளவுதான் என்று சொறி மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பெரிய கெட்டிக்காரன், பாருங்கள்! மத்தியானம் சோறு பிசையும்போது விரலில் சொதியின் மஞ்சள். அப்போதுதான் பொறி தட்டியது. தோலில் பூசலாம், பல் முரசில் யார் பூசுவார்கள்? நான் நாயின் வாயைத் திறந்தே பார்க்கவில்லை.

கை கழுவினேனோ தெரியாது, மோட்டார் சைக்கிளில் கோப்பாய்க்குப் பறந்தேன். சிங்கனின் உதட்டைத் தூக்கினால் முரசும் மஞ்சள், கண்ணின் வெள்ளையும் மஞ்சள். செங்கமாரி, மஞ்சள் காமாலை! ஆனால் எதனால்? உண்ணிக் காய்ச்சல் என்றால் ஒரு மருந்து, பித்தக்குழாய் அடைப்பு என்றால் வேறு. மாறிக் கொடுத்தால் நாய் தப்பாது.

"இவன் எங்கை வெளிக்குப் போறவன்?" என்றேன். வெட்கத்தில் நெளிந்த குடும்பம் முழுவதும் என்னோடு சேர்ந்து வெங்காயப் பாத்திகளில் குனிந்து தேடியது. செம்மண்ணில் கிடந்தது, சாம்பல் வெள்ளையாக! பித்தம் குடலுக்கு இறங்கினால்தான் மலத்துக்குப் பழுப்பு மண்ணிறம் வரும். இங்கே இறங்கவில்லை. அடைப்புத்தான்! நான் கைதட்டிக் குதித்தேன்.

"நாய் சாகக் கிடக்குது, உங்களுக்குச் சிரிப்போ டொக்டர்?" என்றார் அண்ணையின் மனைவி. எனக்கு முகம் செத்துவிட்டது.

ஒப்பரேசனுக்கு வசதியில்லை. சேலைனும் ஊசியும்தான். தினமும் போனேன், அந்த அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்து பயந்து. ஆறாம் நாள் விடியவே அண்ணை என் வாசலில் நின்று வாழையிலைப் பொட்டலம் ஒன்றை விரித்தார்.

"மண்ணிறம், டொக்டர்! மண்ணிறம்!"

இரண்டு பேரும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே அழுதோம்.

சிங்கன் கிழடாகித்தான் செத்தான். அண்ணையும் போய்விட்டார், தோட்டத்தில் இப்போது மாடி வீடு. நாய் தேறினால் போனில் ஒரு பெருவிரல் படம் வருகிறது. சந்தோசம்தான். ஆனால் வாழையிலையில் அதைப் பொதிந்துகொண்டு விடியவே ஓடிவர இப்போது ஒருவரும் இல்லை.