தெரு தெரியாத கூழ்ப்பானை

கேழ்வரகுக் கூழ் ஒரு ராத்திரி புளித்தால் ஒரு வாசனை வரும். மோரும் ஈர மண்ணும் மழைக்கு முந்தைய காற்றும் ஒன்றாய்ப் படுத்து எழுந்த மாதிரி. ஆடி மாதத்தில் எங்கே அந்த வாசனை வந்தாலும் அது என் முந்தானையைப் பிடித்து இழுத்து, மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

எங்கள் ஊர் கவரைப்பேட்டைக்குப் பக்கம். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சாக்கு நெய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அந்த வருஷம் புது மெஷின் பொருத்திக் கொடுக்கத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். அறுபதை நெருங்கும் வயசு, ஆறடி உயரம், எங்கள் நிறம், எங்கள் மூக்கு. வாயைத் திறந்தால் மட்டும் இங்கிலீஷ். தமிழில் அவருக்குத் தெரிந்தது கைவிரலுக்குள் அடங்கிவிடும். என்னைவிடப் பெரியவர், ஆனாலும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் "அக்கா" என்பார். அவர் ஊர்ப் பழக்கமாம்.

மெஷின் ஓய்ந்த ஒரு மதியம் அவர் சொன்னதை என் ஓட்டை இங்கிலீஷில் பொறுக்கிச் சேர்த்தேன். அவர் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறி, கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலியாகப் போனவர். ஒப்பந்தம் முடிந்தது, அவர் திரும்பவில்லை. பொன்னேரிப் பக்கம் என்ற ஒரு சொல்லை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தமிழ் உதிர்ந்தது, ஊர் உதிர்ந்தது. ஆடிக் கூழ் மட்டும் உதிரவில்லை. அங்கேயும் அம்மனுக்கு ஊற்றுகிறார்கள். வருஷா வருஷம் ஊற்றிய அவர் அம்மா அந்த வருஷம்தான் இறந்துபோனார். அம்மா பேரில் ஒரு பானைக் கூழை இந்த மண்ணில் ஊற்ற வேண்டும், ஊர் திரும்புமுன் அவருக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு ஞாயிறு. எங்கே ஊற்றலாம் என்று கேட்டார்.

பொன்னேரி எங்களுக்குப் பக்கம்தான், எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அண்டா ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் அண்டா இரண்டு. ஊர்த்தெரு அம்மனுக்கு ஒன்று, காலனி அம்மனுக்கு ஒன்று. ஒவ்வொரு வீடும் தன் கூழைக் கொண்டுவந்து பொது அண்டாவில் ஊற்றும், எல்லார் வீட்டுக் கூழும் கலந்த பிறகுதான் பங்கு. ஆனால் இந்த அண்டாவின் கூழும் அந்த அண்டாவின் கூழும் கலந்ததில்லை. என் வீடு காலனியில்.

ஞாயிறு காலையில் கம்பெனி காரில் வந்து இறங்கினார். மஞ்சள் வேட்டி, கவரைப்பேட்டை சாலையோரத்தில் வாங்கிய சின்ன மண்பானை, அதன் கழுத்தில் கட்டிய வேப்பிலை. ராத்திரியே கெஸ்ட் ஹவுஸில் அவரே காய்ச்சியிருக்கிறார். அவரோடு சேர்ந்தே ஊற்றலாம் என்று நானும் என் கூழ்ச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் காத்திருந்தேன். காலனிக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். நடந்தோம். அங்கே கோயில் வாசலில், கூம்பு ஒலிபெருக்கியின் கீழே, தர்மகர்த்தா அவரைப் பார்த்துவிட்டார். வெளிநாட்டு விருந்தாளி என்று தெரிந்ததும் ஒரு மாலை எங்கிருந்தோ பறந்து வந்து அவர் கழுத்தில் விழுந்தது. பெண்கள் பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாது இது, வெள்ளையா கீது? இட்லி மாவு எடுத்துக்கினு வந்துட்டாரா?"

"ஆம்பள காச்சுனா அப்டித்தான் இருக்கும், உடுக்கா."

நான் அவரிடம் கேட்டுச் சொன்னேன். கரும்புத் தோட்டத்தில் கேழ்வரகு ஏது, படியளந்தது மக்காச்சோள மாவு, அதில்தான் அன்றிலிருந்து கூழ். அந்த மாவையே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். சிரித்துக்கொண்டிருந்தவள் ஒருத்தி விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, "புளிப்பு சரியா கீது" என்று சான்றிதழ் கொடுத்தாள்.

தர்மகர்த்தா அண்டாவைக் காட்டினார். இன்ஜினியரோ என்னைத் திரும்பிப் பார்த்து, அழைத்து வந்தவள் நீ, முதலில் நீ ஊற்று என்று கையைக் காட்டினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"அந்தம்மாவுக்கு அங்க காலனில தனியா கீது சார். நீங்க இங்க ஊத்துங்க" என்றார் தர்மகர்த்தா. கோபமில்லை, ஏளனமில்லை. ஆரம்பாக்கம் பஸ் அந்தப் பக்கம் நிற்கும் என்று வழி சொல்கிற குரல்.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். தனியா என்றால் செப்பரேட் என்றேன். அவர் முகத்தில் ஒரு நொடி எல்லா விளக்கும் அணைந்து எரிந்தது. அந்த வார்த்தைக்கு எனக்கு விளக்கம் வேண்டாம் அக்கா என்றார், எங்கள் நாட்டிலும் நிறம் பார்த்துத் தனி பெஞ்சு, தனி பஸ், தனிக் கடற்கரை என்று அதற்குள்தான் வளர்ந்தேன். பிறகு பெரிதாகச் சிரித்தார். தர்மகர்த்தாவிடம் இதைச் சொல் என்றார். சொன்னேன்.

"அவுரு கொள்ளுத்தாத்தா எந்தத் தெருன்னு சொல்லாம பூட்டாராம். இங்க மட்டும் ஊத்தி அது தப்பான தெருவா இருந்தா, அவுங்கம்மா கனவுல வந்து திட்டுவாங்களாம். அதனால இங்க பாதி, அங்க பாதி."

கூட்டத்தில் சிரிப்பு ஓடியது. தர்மகர்த்தா கூம்பு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார், அது ஏதாவது யோசனை சொல்லும் என்பது போல. "ஊத்துங்க சார்" என்றார் கடைசியில். பாதி ஊற்றினார். ஊற்றியவர் பானையில் பதிலுக்குக் கொஞ்சம் விடாமல் அனுப்பக்கூடாது என்பது வழக்கம், ஒரு கரண்டி ஊர்க்கூழை அதில் விட்டார்கள்.

காலனியில் வேறொரு பேஜாரு. என் நாத்தனார் பானையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"அவுங்க கூழு நம்ம அண்டால இன்னாத்துக்கு? நமக்கு இன்னா கொறச்சல்?"

"அவுங்களுது ஒரு கரண்டிதான். மிச்சம் ஆப்பிரிக்கா."

"அப்ப ஆப்பிரிக்காவ ஊத்தச் சொல்லு. அந்தக் கரண்டி தானா வந்து உயுந்தா நான் இன்னா பண்றது."

நான் என் சட்டியைக் கவிழ்த்தேன், பிறகு அவர் ஊற்றினார். "அம்மா" என்று மட்டும் சொன்னார். வெள்ளை மேலே மிதந்து, சுழன்று, பழுப்புக்குள் போய்விட்டது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்புமாக அவர் மூன்று சொம்பு குடித்தார். பானையை எங்கள் ஆட்கள் வழிய வழிய நிரப்பிக் கொடுத்தார்கள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு, நான் பின்னால் ஓட, காருக்கு நடந்தார்.

ஊர்த்தெருக் கோயிலில் அண்டா காலி. வாடகை அறைகளில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிகள் கூழைத் தேடி வந்து, ருசி பிடித்துப்போய், மறுபடியும் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர்த்தெருப் பெண்கள், வெறும் சொம்போடு, வெயிலில். இன்ஜினியர் அதைப் பார்த்தார். யாரையும் கேட்கவில்லை, அண்டாவுக்குப் பக்கத்தில் போய்ப் பானையை இறக்கி நின்றார். பானை எங்கிருந்து வருகிறது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஒலிபெருக்கிகூட அந்த நேரம் பார்த்துப் பாட்டை முடித்துக்கொண்டது.

வரிசையில் நின்ற ஓர் அம்மாள்தான், காலையில் விரலால் தொட்டு நக்கியவள், சொம்பால் அண்டா விளிம்பைத் தட்டினாள்.

"நைனா, எம்மா நேரம் நிக்கிறது? கருவாடு ஊட்ல கீது, கூழு அவுரு கைல கீது. ஊத்தச் சொல்லு."

தர்மகர்த்தா அவளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், துண்டை உதறி இன்னொரு தோளில் போட்டுக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார். அவ்வளவுதான். கூழ் விழுந்த சத்தத்தை நான் இன்னும் கேட்கிறேன், நிதானமாக, கனமாக. அந்த அம்மாள் முதல் சொம்பு வாங்கி அங்கேயே நின்று குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்தாள். தர்மகர்த்தா குடித்தாரா என்று பார்க்கவில்லை. குடித்தார் என்பவர்களும் உண்டு, இல்லை என்பவர்களும் உண்டு.

அடுத்த ஆடியிலும் எங்கள் ஊரில் அண்டா இரண்டுதான். ஆனால் அந்த அம்மாள் சொம்போடு காலனிக்கு வந்தாள், கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு. கப்பலேறிப் போனவர்கள் தொலைத்தது எல்லாமே இழப்பு இல்லை என்றும், சிலவற்றைத் தொலைக்கத் தெரியாமல்தான் நாம் இங்கேயே நின்றுவிட்டோம் என்றும் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அந்த ஞாயிறு, புறப்படும்போது, இன்ஜினியர் கார்க் கதவை மூடிக்கொண்டு கண்ணாடியை இறக்கினார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. அடுத்த ஆடிக்கும் வாங்க சார் என்றேன். தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் ஒன்றாகக் கூட்டிச் சொன்னார்:

"வரேன் அக்கா. பெரிய பானை கொண்டு வரேன்."