பன்னிரண்டு பரப்புச் செம்மண்

என் கணவர் பேரின்பநாதனுக்கு மைக் என்றால் உயிர். கிழமையில் ஐந்து நாள் மொன்றியல் துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், எங்கள் ஊர்க்காரர் ஒன்றியக் கூட்டம் என்றால் பேராசிரியராகிவிடுவார். 2023 ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் பேச எழுந்த தலைப்பு, “தோற்றுப்போன எங்கள் மண் ஏன் இன்னும் எழும்பவில்லை?” அந்தப் பேச்சை அவர் முடிக்கவேயில்லை. முடிக்கவிடாமல் செய்தவள் நான்.

இவரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் காணியைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் பன்னிரண்டு பரப்புச் செம்மண், முக்கால் ஏக்கர், நல்ல தண்ணீர்க் கிணற்றோடு. இருபது வருடத்துக்கு மேல் இலங்கை ஆமி பிடித்து வைத்திருந்தது. காணியை விட்ட செய்தி வந்ததும் ஒரு மாத லீவு போட்டுவிட்டுப் பறந்தார். பற்றையை வெட்டி, சுற்றிவர மதில் கட்டி, கேற்றுக்குப் பூட்டுப் போட்டு, கம்பத்தில் ஒரு கமராவும் பூட்டிவிட்டு மொன்றியலில் எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டுக்குத் திரும்பி வந்தார். அன்று தொடக்கம் இரவு படுக்கப் போகுமுன், அங்கே விடிந்த நேரத்தில், போனில் காணி பார்ப்பதுதான் இவருடைய பக்தி. மழை பெய்தால் சொல்லுவார், ஆடு மதில் ஏறினால் சொல்லுவார். அந்தக் காணியில் ஒரு வெங்காயம்கூட நடவில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

காரணம் பயம். வெளிநாட்டுக்காரன் காணியில் பத்து வருடம் வேறு யாராவது பயிர் செய்தால் அவர்களுக்கே சொந்தமாகிவிடும் என்று யாரோ ஓதிவிட்டார்கள். சொந்தக்காரன் சம்மதத்தோடு செய்தால் அப்படி ஆகாது என்று ஒரு சட்டத்தரணி படித்துப் படித்துச் சொன்னார். இவர் நம்பவில்லை.

துஷாந்தினி இவருடைய அக்காவின் ஒரே மகள். அக்காவும் இல்லை இப்போது. துஷாவின் புருசன் உடம்பில் செல் குண்டுத் துண்டோடு யுத்தத்திலிருந்து தப்பி வந்து, ஆறு வருடத்துக்கு முன் அதனாலேயே போய்ச் சேர்ந்தான். இரண்டு பெண் பிள்ளைகள், பன்னிரண்டும் ஒன்பதும். தோட்டம் செய்யத் தெரிந்தவள், கை ஓயாதவள். இல்லாதது நிலம் ஒன்றுதான். மூன்று தரம் கேட்டாள்.

“மாமா, நாலு பரப்பு மட்டும் தாங்கோ. வெங்காயம் போடுறன். கிணறும் சும்மாதானே கிடக்கு.”

“பாப்பம் பிள்ளை,” என்றார் மூன்று தரமும். எங்கள் வீட்டில் ‘பாப்பம்’ என்றால் இல்லை என்று அர்த்தம். நானும் வாயைத் திறக்கவில்லை. காணி விலை ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் மகள் சாருஜாவின் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று எனக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை. அதை மறைத்து இவரை மட்டும் திட்டினால் நான் பொய்க்காரி.

துஷா வேறு யாருடையதோ தண்ணீரில்லாத தரையைக் குத்தகைக்கு எடுத்தாள். பைனான்ஸ் கொம்பனி ஒன்று பெண்களை ஐந்து ஐந்து பேராகச் சேர்த்து, ஒருத்திக்கு ஒருத்தி பிணை வைத்துக் கடன் கொடுத்தது. அதிலும் சேர்ந்தாள். அந்த வருடம், 2021இல், அரசாங்கம் உர இறக்குமதியை நிறுத்தியது. வெங்காயம் நெல்லிக்காய் அளவுக்கு மேல் பெருக்கவில்லை. அடுத்த வருடம் நாடே கடனில் கவிழ்ந்தது. தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் இல்லை. பைனான்ஸ்காரன் மட்டும் கிழமை தவறாமல் வந்து முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் மேடையில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். “தோத்த சனத்தின்ர நிலத்தை ஆமி வைச்சிருந்தான். சண்டை முடிஞ்ச அடுத்த மாசமே பாங்கும் லீசிங்கும் கடை விரிச்சான். தெற்கில இருந்து லொறி லொறியா மரக்கறி வந்து இறங்கிச்சுது. கடலுக்குள்ள இழுவைப்படகு வந்து மீனை அள்ளிச்சுது.” சனம் தலையாட்டியது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்போது என் போன் அதிர்ந்தது. துஷா.

“மாமி, கட்டுநாயக்கா எயார்போட்டில நிக்கிறன். குவைத்துக்குப் போறன். வீட்டு வேலை, ரெண்டு வருசம்.”

“பிள்ளையள்?”

“என்ர மனுசன்ர தங்கச்சி வீட்டில விட்டிட்டன். சின்னவள் கையை விடேல்லை மாமி.” அவள் மூச்சை இழுத்தாள். “வரிசையில நிக்கிறன். இன்னும் பத்து நிமிசத்தில உள்ள எடுப்பாங்கள். சொல்லாமப் போகக்கூடாதெண்டு எடுத்தனான்.”

“போனை வைக்காதை,” என்று சொல்லிவிட்டு மேடையைப் பார்த்துக் கை காட்டினேன். இரும் என்று இவர் கண்ணால் சொன்னார். மறுபடி காட்டினேன். ஒன்றியத் தலைவர் உருத்திரமூர்த்தி அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். யார் சுளித்தால் எனக்கென்ன. நூறு பேர் பார்க்க நடந்து போய், பேசிக்கொண்டிருந்த மனிதரின் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். சோடாப் பெட்டி அடுக்கிய ஒடுக்கமான வாசலில் வைத்து விசயத்தைச் சொன்னேன்.

“காணியைக் குடுங்கோ. இப்பவே சொல்லுங்கோ. எனக்கு விக்கவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்.”

இவர் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“துஷா, ஏன் பிள்ளை எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

“சொன்னா என்ன மாமா செய்வியள்?”

இவர் சுவரில் கையை ஊன்றினார். போனுக்குள் தூரத்தில் விமான நிலைய அறிவிப்பு ஒன்று கேட்டது.

“திரும்பி ஊருக்குப் போ. காணியைத் திறந்து செய். பன்னிரண்டு பரப்பும்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் இவரை அவ்வளவு பிடித்த நேரம் வேறில்லை.

“உண்மையாவோ மாமா?” அவளுடைய குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. “அப்ப நான் வரிசையால விலகட்டோ?”

“விலகு, விலகு. ஒரு சின்ன விசயம் மட்டும். நாளைக்கு ஒரு சட்டத்தரணியிட்டப் போய், இந்தக் காணியில உனக்கு ஒரு உரிமையும் இல்லையெண்டு கையெழுத்து வைச்சு அனுப்பிவிடு. பேந்து தோட்டத்தைத் துவங்கலாம்.”

நான் போனைப் பறிக்கக் கை நீட்டினேன். பிந்திவிட்டேன்.

துஷா கோபிக்கவில்லை, அழவும் இல்லை.

“பரவாயில்லை மாமா. வரிசை நகருது. பிள்ளையளுக்கு இடைக்கிட கோல் எடுக்கச் சொல்லி மாமியிட்டச் சொல்லுங்கோ.”

நாலு தரம் திருப்பி எடுத்தோம். போன் நிறுத்தப்பட்டிருந்தது.

“நான் தாறன் எண்டுதானே சொன்னனான்,” என்றார் இவர். “கடிதம் எடுக்கிறதில என்ன பிழை? எல்லாரும் எடுக்கிறதுதானே.”

“அவள் உங்கட அக்கான்ர பிள்ளை,” என்றேன்.

இவர் சோடாப் பெட்டியின் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் தோளில் கை வைக்கவில்லை. ஆமி விட்டுப்போன காணியை அவளுக்கு மறித்துவைத்திருந்தது நாங்கள் இரண்டு பேரும்தான். துஷா சொன்னபடி நாளைக்குக் கோல் எடுக்கும்போது, அம்மா ஏன் போனவ என்று சின்னவள் கேட்டால் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு நின்றேன்.