நன்றிப் பக்கத்தில் எங்கள் வீட்டுப்பேர்

கொலையான பத்திரிகைக்காரரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா பேசியிருக்கிறார். பொழியூர்க் கடல்சுவருக்குக் கல் போடாமலே போட்டதாகச் சொன்ன ஒப்பந்தக்காரனைப் பற்றி எழுதியவர் அவர். சுவரைக் கடல் பக்கமிருந்து பார்க்க அவரைக் கட்டுமரத்தில் கொண்டுபோனது அப்பா. அடுத்த மாதம் அவரை வெட்டிப் போட்டார்கள். கொண்டுபோன விவரம் அப்பா, அம்மா, நான் மூன்று பேரோடு நின்றது.

இரண்டு வருடம் கழித்து, அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுத வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் எழுத்தாளர் வந்தார். நெய்யாற்றின்கரை லாட்ஜில் தங்கினார். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் தெரிந்த ஆள் வேண்டுமென்றார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான். மூன்று வாரம் பைக்கில் கூட்டிக்கொண்டு அலைந்தேன். இறந்தவர் என்ன சாப்பிடுவார், யாரோடு சண்டை போடுவார் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். எழுத்தில் வந்தால் நியாயம் வரும் என்று நம்பி, அப்பாவைப் பற்றி நானே சொன்னேன்.

அப்பா முதலில் பேச மறுத்தார். "அவரு நமக்காக்கும் செத்தது" என்று நான்தான் மல்லுக்கு நின்றேன். கடைசியில் அப்பா இறங்கி வந்தார்.

"மதாம்மா கிட்டெ சொல்லுலே, எம் பேரு வரப்படாது. மரத்துல போனது ரெண்டு பேரு. ஒருத்தன் மண்ணுக்குள்ள. மத்தவன் நாளைக்கும் கடலுக்குப் போணும்."

மொழிபெயர்த்தேன். அவர் நெஞ்சில் கைவைத்து, கற்றுவைத்திருந்த மலையாளத்தில் "சத்யம்" என்றார். அம்மா பொரித்த நெத்தோலியைத் தலையோடு தின்றார். "மதாம்மா நம்ம ஆளாக்கும்!" என்று அப்பா சிரித்தார்.

புறப்படும்போது நோட்டை நீட்டி, அச்சில் எப்படி வர வேண்டுமோ அப்படி உன் பெயரை எழுது என்றார். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இன்ஷியலோடு நின்றுபோன பெயர் என்னுடையது. இங்கே வசதியுள்ளவர்கள் எழுதுவதுபோல, எந்த வீடு என்று சொல்லும் வீட்டுப்பேர், ஊர் எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

போன மாதம் புத்தகம் வந்தது. நாலாம் அத்தியாயத்தில், 'கட்டுமரத்தை ஓட்டியவர் என் மொழிபெயர்ப்பாளரின் தந்தை.' அப்பா பெயர் எங்கும் இல்லை. கடைசியில் நன்றிப் பக்கத்தில், மொழிபெயர்ப்பாளர் என்று என் பெயர், வீட்டுப்பேர், ஊர்.

மெயில் அனுப்பினேன். பதில் வந்தது: வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன், அவர் பெயரைப் போடவில்லை, உன் பெயர் நீ எழுதித் தந்தபடியே இருக்கிறது, சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். மூன்று வாரம் என் பின்னால் பைக்கில் உட்கார்ந்து வந்தவர் எழுதியது இது.

பாறசாலையில் எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார், நம்ம பயல் என்ற பெருமையில், அந்த இரண்டு பக்கத்தையும் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார். மறுநாள் காலை, அப்பா வேலைக்குப் போகும் வள்ளத்தின் சொந்தக்காரர் வாசலில் நின்றார்.

"அண்ணே, கொஞ்ச நாளைக்கி வேலைக்கி வரண்டாம். ஒப்பந்தக்காரன் ஆளுவ ரெண்டு பேரு வீட்டுப்பேரச் சொல்லி வழி கேட்டானுவ."

அவர் போனதும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுப்பேரு ஆருலே சொன்னது?"

"நாந்தாம்பா எழுதிக் குடுத்தேன்."

"எங்கெ, காட்டு."

எழுத்துத் தெரியாதவருக்கு விரல் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அம்மா இரண்டு லுங்கியை மடித்துப் பையில் வைத்தாள்.

"எங்கெப்பா போறிய?"

"அது அம்மைக்குத் தெரியும். ஒனக்கு வேண்டாம் மக்கா."