புரட்டாசிச் சனிக்கிழமையில் நான் திறக்காத படங்கள்

ஸ்டெல்லா அக்காவின் ஆராய்ச்சியை அழித்தவன் நான். அவர் அல்ல, பழைய கணினி அல்ல, மின்வெட்டும் அல்ல... நான்தான்!

உங்களிடம் இதைச் சொல்வது எளிதாக இருக்கிறது. உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கும் உங்கள் முகம் தெரியாது. சொல்லவேண்டிய ஆளோ தினமும் என் எதிர்மேசையில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் வந்ததும் "டீ குடிச்சாச்சுங்களா தம்பி?" என்று கேட்கிறார். "ஆச்சுங்க்கா" என்கிறேன். உடனே என் திரைப்பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

நான் மல்லசமுத்திரத்துக்காரன். நாமக்கல்லில் ஒரு கோழிநோய் ஆய்வுக்கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பண்ணைகளில் கோழி செத்தால் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு எங்களிடம்தான் வருவார்கள். ஸ்டெல்லா அக்கா அதை அறுத்துப் பார்ப்பார். ஈரல், குடல், முட்டைப்பை என்று ஒவ்வொன்றையும் படமெடுப்பார். பிறகு கணினியில் அந்தப் படத்தின் எண்ணையே பெயராக வைத்து ஒரு சிறு குறிப்பும் எழுதுவார். எந்தக் கொட்டகை, எத்தனை வாரக் கோழி, என்ன தீனி என்பதோடு, பண்ணைக்காரர் சொன்னதையும் அவர் சொன்னபடியே எழுதிவிடுவார். "ரெண்டு நாளா தீனி எடுக்கலீங்க, ஓரமாவே நிக்குதுங்க" என்பது வரைக்கும்!

சம்பளத்துக்கு மட்டும் அவர் இதைச் செய்யவில்லை. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்ற முட்டைக்கோழியின் ஈரல் எப்படிப் படிப்படியாக வெளுத்து மஞ்சளாகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். திருமணம், பிரசவம், மாமியார் நோய் என்று ஒவ்வொன்றுக்கும் வழிவிட்டுவிட்டுக் கடைசியில் தனக்கென்று எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். பல வருடத்துப் படங்கள்... எல்லாம் அந்தப் பழைய விண்டோஸ் கணினியில் இருந்தன.

அந்தக் கணினி நடக்கமாட்டாமல் நடந்துகொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தை நடத்துகிற டாக்டர் லினக்ஸ் போட்ட புதிய கணினி ஒன்றை வாங்கினார். குறிப்புகளில் ஒரு சொல்லைத் தட்டினால் அந்த நோய் வந்த கோழிகளெல்லாம் வரிசையாக வரவேண்டும் என்பது அவர் ஆசை. எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மாற்றுவதற்கு முன்பே அக்கா கேட்டார். "தம்பி, எதுக்கும் இருக்கட்டும், ஒரு காப்பி என்ற பென்டிரைவுல போட்டுக்கட்டுங்களா?"

நான் சிரித்தேன். "எதுக்குங்க்கா? நான் எதுக்கு இருக்கறேன்?" என்றேன்.

எவ்வளவு பெரிய வாய் எனக்கு! அவரும் அதை நம்பிக் காப்பி எடுக்காமல் போய்விட்டார்.

முதலில் சில கோப்புகளை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். குறிப்புகளில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வேண்டாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு வந்தது. டாக்டரின் தேடல் நிரல் அதில் இடறி நின்றது. காரணம் இதுதான்: விண்டோஸ் ஒரு வரி முடிந்தது என்பதற்கு இரண்டு குறிகளை வைக்கும், லினக்ஸுக்கு ஒன்று போதும். கோப்புகளை அனுப்புகிற மென்பொருளில் இதற்கு வழி உண்டு. 'எழுத்து' என்று தேர்ந்தெடுத்தால் போகிற வழியிலேயே அந்த இரண்டில் ஒன்றை அது பொறுக்கி எறிந்துவிடும். 'உள்ளது உள்ளபடி' என்று தேர்ந்தெடுத்தால் எதையும் தொடாது.

குறிப்புகளை எழுத்து என்றும், படங்களை உள்ளது உள்ளபடி என்றும் தனித்தனியாக அனுப்பியிருக்கவேண்டும். இந்தத் தொழிலில் கால் வைத்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம் இது. எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும்! ஆனால் படமும் குறிப்பும் ஒரே கோப்புறைக்குள் கலந்து கிடந்தன. பிரிப்பதற்குச் சோம்பல்பட்டு, மொத்தத்தையும் எழுத்து என்றே தள்ளிவிட்டேன்.

படம் என்பதும் உள்ளுக்குள் வெறும் எண்களின் வரிசைதான். அந்த இரண்டு குறிகளுக்குரிய எண்கள் அதிலும் தற்செயலாக அடுத்தடுத்து வரும். மென்பொருளுக்கு அது படமென்று தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குகிறவனைப்போல அங்கேயும் ஒன்றைப் பொறுக்கி எறிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிற எண்ணெல்லாம் இடம் பிசகிப்போகும்.

தவறு எல்லோருக்கும் நேரும் என்று நீங்கள் சொல்வீர்கள். நேரும்தான்... ஒரே ஒரு படத்தைத் திறந்து பார்த்திருந்தால் அது அங்கேயே தெரிந்திருக்கும். பழைய கணினி அப்போது பக்கத்திலேயே உயிரோடு இருந்தது. மறுபடி அனுப்பியிருந்தால் முடிந்தது கதை!

நான் திறக்கவில்லை.

ஏனென்றால் அது புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. காலையிலேயே நயினாமலை ஏறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் நாமத்தோடு நேராக வேலைக்கு வந்திருந்தேன். விரதத்தோடு உட்கார்ந்துகொண்டு அறுத்துப் போட்ட கோழியின் குடலைப் பார்ப்பதா என்று மனம் கூசியது. குறிப்புகளை மட்டும் வரிசையாகத் திறந்தேன். வரிகள் சுத்தமாக இருந்தன. தேடல் நிரலும் துள்ளிக்கொண்டு ஓடியது. திருப்தியாகப் பழைய கணினியின் வட்டிலிருந்த எல்லாவற்றையும் மீட்கமுடியாதபடி அழித்துத் துடைத்தேன். திங்கட்கிழமை அந்தக் கணினியை விலைக்கு வாங்கிக்கொள்ள ஆள் வருகிறார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பெருமாள்மீது பழியைப் போடுகிறேனா? ஆம், போடுகிறேன். உண்மையில் எனக்கு அந்தப் படங்கள் எந்தக் கிழமையிலும் குமட்டும். விரதம் எனக்கு வசதியான சாக்காக வந்து வாய்த்தது, அவ்வளவுதான். ஐப்பசி பிறந்த அன்றே கோழிக்குழம்பில் இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றவன்தானே நான்!

அந்த ஐப்பசியில்தான் அக்கா தன் ஆய்வேட்டுக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார்.

"தம்பி, இங்க வாங்க... இதென்னங்க இப்படி வருது?"

எட்டிப் பார்த்தேன். மேலே ஒரு விரற்கடை அளவுக்கு ஈரல் தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். அடுத்த படத்தில் நிறங்கள் பட்டை பட்டையாக இழுபட்டிருந்தன. அதற்கடுத்தது திறக்கவே இல்லை. அக்கா ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக்கொண்டே போனார். பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். "என்னப்பா ஆச்சு?" என்று என்னைத்தான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே ஒரு மூச்சுதான் இருந்தது. அந்த மூச்சுக்குள் நான் யாரென்று முடிவாகிவிட்டது.

"பழைய ஹார்ட் டிஸ்க்லயே கெட்டுப்போயிருந்திருக்குங்க சார். அக்கா முறைப்படி நிறுத்தாம, நேரா போர்டுல சுவிட்ச்சை அமத்தீருவாங்க. அதனாலதானுங்க..."

அவர் அப்படிச் செய்ததுண்டு. பேருந்துக்கு நேரமானால் சுவரிலிருக்கும் சுவிட்சை அழுத்திவிட்டு ஓடுவார். நானே பலமுறை கண்டித்திருக்கிறேன். பொய்க்குள் அந்தச் சிறு உண்மையை வைத்துக் கொடுத்ததால் அது எல்லோருக்கும் சரியாகச் செரித்துவிட்டது.

"ஏம்மா, இவ்வளவு படிச்சிருக்கே, மெஷினை ஒழுங்கா நிறுத்தத் தெரியாதா?" என்று டாக்டர் கத்தினார்.

அக்கா ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. "ஆமாங்க சார்... நாந்தானுங்க... பஸ்ஸு போயிருமேன்னு..." என்றார். சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கெட்டதைச் சரிசெய்ய நான் முயலாமலில்லை. யாருக்கும் தெரியாமல் நிரல்மேல் நிரலாக எழுதிப் பார்த்தேன். முடியாது! மிஞ்சியிருக்கும் ஆயிரக்கணக்கான ஒற்றைக் குறிகளில் எது துணையை இழந்தது, எது பிறவியிலேயே ஒற்றை என்று யாரால் சொல்லமுடியும்? கேமராவின் நினைவக அட்டையை அக்கா இடம் வேண்டி மாதாமாதம் அழித்துவிடுவார். அவர் கைப்பேசியில் நாலைந்து படங்கள் கிடைத்தன. குறிப்புகள் மட்டும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் இருந்தன.

படமில்லாத குறிப்பை வைத்துக்கொண்டு எதையும் நிறுவமுடியாது என்று அவருடைய ஆய்வு நெறியாளர் கைவிரித்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கப் பதிவுக்காலம் இடம்கொடுக்கவில்லை. அதை அக்கா தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் எதிரில்தான் இருந்தேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? என் மேசைக்கு வந்து, தன் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதத்தை எடுத்து என் தட்டில் வைத்தார். "நீங்க எதுக்குங்க தம்பி மொகத்தை இப்படி வெச்சுக்கறீங்க? தப்பு என்னுதுங்க. நீங்க பத்தரமாத்தான் மாத்திக் குடுத்தீங்க. சாப்புடுங்க."

சாப்பிட்டேன். ஐயோ... அதையும் சாப்பிட்டேன்!

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். வேலை போய்விடுமென்று முதலில் பயந்தேன். பிறகு வெட்கம் வந்தது. அதற்கும் பிறகு, இத்தனை நாள் கழித்துச் சொன்னால் அவருக்கு வலிதானே கூடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் கோழைத்தனத்துக்குக் கருணை என்று பெயர் வைத்த கெட்டிக்காரன் நான்.

இப்போது அக்கா படமெடுப்பதில்லை. ஈரலை எடுத்துக் காட்டுவார், வேறொருவர் படமெடுப்பார். கணினியில் ஏதாவது தட்டவேண்டுமென்றாலும் என்னைக் கூப்பிடுகிறார். "என்ற கைக்கு அது ஆகாதுங்க தம்பி" என்று சிரிக்கிறார். பட்டம் போனதைக்கூட ஒருநாள் நான் தாங்கிக்கொள்வேனோ என்னவோ... தன் கையையே நம்பாத அந்தச் சிரிப்பை என்னால் தாங்கமுடியவில்லை.

போன மாதம் தன் மகள் ஜெனிபரை அழைத்துவந்தார். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரியில் கணினி படிக்கச் சேரப்போகிறாள். "மாமாகிட்ட நாலு வார்த்தை கேட்டுக்க சாமி. என்னைய மாதிரி அஜாக்கிரதையா இருந்துராத" என்று அவளை என் எதிரில் உட்காரவைத்துவிட்டு, கோழி வந்திருக்கிறதென்று எழுந்து போனார்.

நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கேட்டாள்.

"அம்மா அப்படி என்னங்க மாமா பண்ணுனாங்க? கேட்டா அழுகறாங்க. நாங்களும் கேக்கறதில்லீங்க."

டாக்டர் அறையில் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. வேலைக்கும் ஆபத்தில்லை. அவளுடைய அம்மா எதுவும் பண்ணவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு வரி போதும்.

"மெஷினை முறையா நிறுத்தோணும் கண்ணு. அம்மா நேரா சுவிட்ச்சை அமத்தீட்டாங்க" என்றேன்.

அவள் ஜாக்கிரதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.