இருபது பாயின்ட் அறிவிப்பு

நெய்வேலி நகரியத்தில் ஓர் அலுவலகத்தில் நான் ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அதற்கு முன் ஒரு சிறிய நாளிதழில் பிழை திருத்தினேன். கண்ணின் நல்ல காலம் அங்கேயே கழிந்தது.

சென்ற ஆண்டு புது மானிட்டர்கள் வந்தன. இன்னொரு ஒப்பந்த ஆபரேட்டரான கம்மாபுரத்துப் பெண், அதிகாரியின் மேசையில் தொடங்கி எல்லாத் திரைகளையும் உரிய ரெசல்யூஷனுக்கு மாற்றிவைத்தாள். படங்கள் துல்லியமாகத் தெரிந்தன. எழுத்துகள் எறும்பளவு சுருங்கின.

பர்மனென்ட் ஊழியர்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அது முடியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். இரண்டு ஆபரேட்டர்களில் ஒருவர் போதும் என்று பேச்சு. அந்த நேரத்தில் மூக்கில் புதுக் கண்ணாடியோடு போய் நிற்க நான் தயாராக இல்லை.

அதனால் எழுத்தை இருபது பாயின்ட் அளவில் வைத்துத் தட்டச்சு செய்து, அச்சிடும் முன் பன்னிரண்டாகக் குறைத்தேன். திரையில் மட்டும் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி உண்டென்று எனக்குத் தெரியாது. பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்தது பாயின்ட் கணக்குதான்.

ஒரு மாலை, கம்பெனி பஸ் ஹாரன் அடித்த அவசரத்தில், ஓர் அறிவிப்பைக் குறைக்க மறந்து அச்சிட்டு, நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டேன். மறுநாள் காலை அந்தப் பெண் வந்து சொன்னாள்:

"அண்ணே, போர்டாண்ட கும்பலா நின்னுகினு இருக்காங்க. மைன்ஸ்ல யாருக்கு இன்னா ஆச்சுன்னு கேக்கறாங்க. நீங்க தண்ணி வராதுன்னு போட்டிருக்கீங்க."

இங்கே பெரிய எழுத்தில் நோட்டீஸ் ஒட்டினால் சுரங்கத்தில் விபத்து என்றே அர்த்தம்.

அதிகாரி கூப்பிட்டார். என் அறிவிப்பு அவர் மேசையில் கிடந்தது. கதவைச் சாத்தச் சொன்னார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் கண்ணாடி போடாமலே முதல் வரியைப் படித்தார்.

"இனிமே எல்லா நோட்டீஸும் இந்த சைஸ்லயே போடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் மானிட்டரையும் இப்படிப் பெருசா பண்ணிக் குடுங்க. வெளியில சொல்ல வேணாம்."

ரெசல்யூஷனைக் குறைத்தேன். எழுத்துகள் ஓரம் மங்கிப் பருத்தன. அவர் முகம் தெளிந்தது.

அந்த மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. வேலையைச் சரியாகச் செய்த கம்மாபுரத்துப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள்.

புதுப்பிப்புப் படிவத்தின் நிபந்தனைகள் எட்டு பாயின்டில் இருந்தன. அதிகாரி எங்கே கையெழுத்துப் போடுவது என்று என்னைக் கேட்டார். குத்துமதிப்பாக ஓர் இடத்தைக் காட்டினேன். அதற்குக் கீழே நானும் போட்டேன்.